எஃப்7-ல் வேகும் ஈரல் வறுவல்

பாளையங்கோட்டைப் பக்கம் பள்ளிப் பிள்ளைகளுக்கான ‘ரேபிட்’ எனும் குறைந்த நேர செஸ் போட்டிகளில், பத்தே நிமிடத்தில் எழுந்து வெளியே வரும் பொடியன்களில் சிலர் ‘ஃப்ரைடு லிவர்’ என்ற ஓப்பனிங்கில் (ஆட்டத் தொடக்க மூவ் வரிசையில்) மாட்டியவர்களாக இருப்பார்கள். நம்மூர் மெஸ் போர்டில் எழுதினால், ஈரல் வறுவல். இத்தாலியில் நானூறு வருஷத்துக்கு முன்பே ஆடிய ஆட்டம்.

போர்டில் எழுத்து நெடுவரிசை, எண் குறுக்குவரிசை. வெள்ளைச் சிப்பாய் ஈ4, கருப்புச் சிப்பாய் ஈ5. குதிரை எஃப்3, குதிரை சி6. பிஷப் சி4, குதிரை எஃப்6. இப்போது வெள்ளைக் குதிரை ஜி5-க்குப் பாய்கிறது. குறி எஃப்7 சிப்பாய். ஆட்டத் தொடக்கத்தில் அதற்கு ராஜா மட்டுமே காவல்; பிஷப்பும் குதிரையும் சேர்ந்து அடித்தால் தாங்காது. குதிரையை விரட்டுகிறேன் என்று ஹெச்6 தள்ளினால் கதை முடிந்தது: எஃப்7-ல் ஏறிய குதிரை ராணியையும் யானையையும் ஒருசேரப் பிடிக்கும்.

டி5 தள்ளி பிஷப்பின் வழியை மறிக்க வேண்டும். வெள்ளைச் சிப்பாய் அதை வெட்டும். பதிலுக்கு எஃப்6 குதிரையால் வெட்டத்தான் யாருக்கும் கை போகும். அங்கேதான் வினை. வெள்ளை குதிரையைப் பலி கொடுத்து எஃப்7-ஐ வெட்டும், ராஜா அதை எடுப்பார், ராணி எஃப்3-ல் செக். டி5 குதிரைக்கும் அதே அடி. ராஜா ஜி8-க்கு ஒளிந்தால் பிஷப் டி5-ல் வெட்டி செக். அதிகபட்சம் 10-வது மூவில் மேட். குதிரையைக் காக்க ராஜா ஈ6-க்கு, நட்டநடுப் போர்டுக்கு, வர வேண்டும். உடனே வெள்ளையின் அடுத்த குதிரை சி3-க்கு வந்து டி5-ஐக் குறிவைக்கும். நகர்ந்தால் பின்னாலிருக்கும் ராஜாவுக்கு பிஷப்பின் செக் என்பதால், ‘பின்’ ஆன டி5 குதிரையால் நகரவும் முடியாது. கருப்பு அப்போதே தோற்றதாகாது. ஆனால் 15 நிமிட கிளாக்கில் சரியான மூவ்களைத் தேடிப் பிடிப்பது லேசுப்பட்ட வேலையில்லை.

வெள்ளை டி5-ஐ வெட்டியதும் சரியான பதில், சி6 குதிரை ஏ5-க்கு. குதிரையை ஓரத்தில் வைக்காதே என்று கோச் சொன்னதற்கு இது விலக்கு. பிஷப் பி5-ல் செக் வைக்கும், சி6 தள்ளணும், வெள்ளை அதை வெட்ட, பி சிப்பாயால் திரும்ப வெட்டணும். ஒரு சிப்பாய் குறையும். ஆனால் பிஷப் பெரும்பாலும் பின்வாங்கும். அது ஈ2-க்குப் போனால் ஹெச்6 தள்ளிக் குதிரையையும் விரட்டலாம். குதிரை எஃப்3 போனால் ஈ4 தள்ளி மறுபடி விரட்டலாம். வெள்ளை ஓடிக்கொண்டிருக்க, கருப்புக் காய்கள் வெளியே வந்துவிடும்.

போட்டியில் இன்னொரு கண்ணி உண்டு: தொட்ட காயை நகர்த்தியே ஆகணும். யோசிக்காமல் எஃப்6 குதிரையில் கை வைத்துவிட்டால், ஏ5-க்குப் போகவேண்டிய சி6 குதிரையை அந்த மூவில் எடுக்கவே முடியாது.