மார்வலி: இதயம் தளரும் நேரத்தின் கணக்கு

இதயம் சுருங்கும்போதுதான் உடம்பின் மற்ற உறுப்புகளுக்கு ரத்தம் வேகமாகப் பாய்கிறது. ஆனால் இதயத் தசைக்கு, குறிப்பாக இடக் கீழறைக்கு, அந்த நேரத்தில் கிடைப்பது மிகக் குறைவு. சுருங்கும் தசை தனக்குள் ஓடும் ரத்தக் குழாய்களைத் தானே நெரித்துவிடுகிறது. தசை தளர்ந்த பிறகுதான் கரோனரித் தமனிகள் வழியே அதற்கு வேண்டிய ரத்தம் தாராளமாக இறங்கும். மார்வலிக்குக் கத்தியும் கம்பியும் இல்லாமல் செய்யப்படும் சிகிச்சைகளில் பல இந்தத் தளரும் நேரத்தைச் சுற்றித்தான் அமைந்திருக்கின்றன.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடம்பு மொத்தமாக, ரத்தம் சுமந்து வரும் ஆக்சிஜனில் கால்வாசியைத்தான் எடுத்துக்கொள்கிறது. இதயத் தசை அப்போதே ஏறக்குறைய 70 சதவீதத்தை உறிஞ்சிவிடுகிறது. வேலை கூடினால் ரத்த ஓட்டமே கூடியாக வேண்டும், மிச்சத்தில் எடுத்துக்கொள்ள அதிகம் இல்லை. ஆரோக்கியமான கரோனரித் தமனி நான்கு மடங்கு வரை கூட்டித் தரும். உட்சுவரில் கொழுப்புப் படிந்து விட்டத்தில் 70 சதவீதம் குறுகிப்போன தமனியால் அது முடியாது. அதனால் உட்கார்ந்திருக்கும்போது ஒன்றும் தெரிவதில்லை. படி ஏறினால் நடுநெஞ்சில் பாரம் வைத்தாற்போல் இறுக்கம், சிலருக்கு இடக் கையிலும் தாடையிலும் வலி. நின்றால் சில நிமிடங்களில் தணிந்துவிடும். இதுதான் நிலையான ஆஞ்சைனா.

லண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டன் 1768-லேயே இதைத் துல்லியமாக விவரித்தார். நடக்கும்போது வருகிறது, மேடேறும்போதும் சாப்பிட்ட உடனேயும் அதிகம், நின்றால் மறைகிறது என்றார். சாப்பிட்டபின் வருவதால்தான் நம் வீடுகளில் இது 'வாயு' ஆகி, சோடாவும் ஓமத் தண்ணீரும் கொடுத்துப் பல மாதங்கள் தள்ளிப்போடப்படுகிறது. நடந்தால் வந்து நின்றால் போகும் வலியை வாயு என்று விட்டுவிடாதீர்கள். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமல் மூச்சிரைப்பாகவோ அசதியாகவோ இது வரலாம்.

ஓய்விலேயே வரும் வலி, வியர்த்துக் கொட்டும் வலி, சில நாட்களில் திடீரென்று கடுமையாகும் வலி ஆகியவை வேறு விஷயம். கொழுப்புப் படிவு வெடித்து அதன்மேல் ரத்தம் உறைந்திருக்கலாம். அப்போது யோசிக்க நேரமில்லை, 108-ஐ அழைக்க வேண்டும். அங்கே ஆஞ்சியோபிளாஸ்டி, அதாவது அடைப்பைக் குழாய்வழியே விரித்து ஸ்டென்ட் என்ற வலைக்குழாயை வைப்பது, உயிர் காக்கும். இனி நான் எழுதுவது முழுக்க நிலையான ஆஞ்சைனாவைப் பற்றி.

நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை நைட்ரேட் வகை. 1867-ல் எடின்பரோவில் லாடர் பிரன்டன் அமைல் நைட்ரைட் ஆவியை முகரவைத்து வலியைத் தணித்தார். 1879-ல் வில்லியம் முர்ரெல் நைட்ரோகிளிசரினைக் கொண்டுவந்தார். டைனமைட்டின் வெடிபொருளும் அதுவே. கடைசிக் காலத்தில் ஆல்ஃபிரெட் நோபலுக்கே மருத்துவர்கள் அதை மருந்தாக எழுதிக் கொடுத்தார்கள். அடைபட்ட தமனியை விரிப்பதுதான் இதன் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். முக்கியமான வேலை சிரைகளில் நடக்கிறது. சிரைகள் விரிந்து ரத்தம் அங்கே தங்க, இதயத்துக்குத் திரும்பி வருவது குறைகிறது. கீழறை குறைவாக நிரம்புவதால் சுவரின் இறுக்கமும் தேவையும் இறங்குகின்றன. ரத்த அழுத்தமும் சட்டென்று இறங்கும், ஆகவே உட்கார்ந்துகொண்டுதான் போட வேண்டும். ஐந்து நிமிடத்தில் வலி தணியாவிட்டால் ஆம்புலன்ஸ்தான். வயாகரா வகை மாத்திரை எடுத்தவர் இதைத் தொடவே கூடாது. தினமும் எடுக்கும் நைட்ரேட்டில் இன்னொரு நுணுக்கம் உண்டு. நாள் முழுக்க இடைவிடாமல் ரத்தத்தில் இருந்தால் உடல் அதற்குப் பழகி, மருந்து வேலை செய்யாமல் போகும். மருத்துவர் வேண்டுமென்றே சில மணி நேரம் இடைவெளி விட்டு எழுதித் தருவார். அதைச் சமமாகப் பிரித்துப் போடுவது நல்லது என்று நாமே மாற்றிக்கொள்ளக் கூடாது.

ஸ்காட்லாந்து மருந்தியலாளர் ஜேம்ஸ் பிளாக் கேள்வியைத் திருப்பிப் போட்டார். வரத்தைக் கூட்ட முடியாவிட்டால் தேவையைக் குறைத்தால் என்ன? 1960-களில் பிறந்த புரோப்ரனலால் அதற்கான விடை. 1988-ல் நோபல் பரிசும் வந்தது. பீட்டா பிளாக்கர்கள் எனப்படும் இந்த வகை மருந்துகள் துடிப்பை நிதானப்படுத்துகின்றன. நிமிடத்துக்கு 60 துடிப்பு என்றால் ஒவ்வொரு விநாடியிலும் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தளர்வு நேரம். 120 ஆனால் அது பாதிக்கு இறங்கிவிடுகிறது. வேகம் குறையும்போது வேலையும் குறைகிறது, தசைக்கு ரத்தம் இறங்கும் நேரமும் நீள்கிறது. ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரினும் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டினும் உடனே வலியைத் தணிக்கா. மாரடைப்பைத் தடுப்பது அவைதான் என்பதால் வலி போனதும் நிறுத்தக் கூடாது.

உடற்பயிற்சிக்கும் ஹெபர்டனே சாட்சி. தினமும் அரை மணி நேரம் மரம் அறுப்பதை வேலையாக வைத்துக்கொண்ட ஒருவர் ஏறக்குறையக் குணமானதாக எழுதியிருக்கிறார். பழகிய உடல் அதே வேலையைக் குறைந்த துடிப்பிலும் குறைந்த அழுத்தத்திலும் செய்யும், வலி தொடங்கும் எல்லை தள்ளிப்போகும். மருத்துவரைக் கேட்டு, மெல்லத் தொடங்க வேண்டும்.

"மாத்திரை ஏழைக்கு, ஸ்டென்ட்தான் முழு வைத்தியம்" என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. 5,179 பேரைச் சேர்த்து, இந்திய மருத்துவமனைகளும் பங்கேற்ற 'இஸ்கீமியா' என்ற ஆய்வின் முடிவு 2020-ல் வெளியானது. நிலையான நோயில், நல்ல மருந்துகளோடு தொடக்கத்திலேயே ஸ்டென்டோ பைபாஸோ செய்தவர்களுக்கும், மருந்தில் மட்டும் தொடங்கியவர்களுக்கும் மரணத்திலோ மாரடைப்பிலோ குறிப்பிடும்படி வேறுபாடு இல்லை. அடிக்கடி வலி வந்தவர்களுக்கு ஸ்டென்ட் அதிக நிம்மதி தந்தது உண்மை. இடப்பக்க முதன்மைக் கரோனரித் தமனியில் அடைப்பு, மிகப் பலவீனமான இதயம் ஆகியவை இந்த ஆய்வுக்கு வெளியே. மற்றவர்களுக்கு மருந்தை முழுமையாக முயன்று பார்க்க அவகாசம் இருக்கிறது. பயத்தில் நகையை அடகு வைக்கும் குடும்பங்களுக்கு இதை யாராவது நிதானமாகச் சொல்ல வேண்டும்.

இத்தனைக்கும் பிறகும் வலி நிற்காதவர்களுக்கு ஈஈசிபி என்ற இயந்திரம் உண்டு. கெண்டைக்கால், தொடை, இடுப்பு மூன்றிலும் காற்றுப் பட்டைகளைக் கட்டுகிறார்கள். ஈசிஜியோடு இணைந்த கருவி, இதயம் தளரும் கணத்தில் பட்டைகளைக் கீழிருந்து மேலாக ஊதி இறுக்கும், ரத்தம் பின்னோக்கித் தள்ளப்பட்டு கரோனரித் தமனிகளுக்குள் அழுத்தம் ஏறும். சுருங்கத் தொடங்குமுன் பட்டைகள் ஒன்றாகத் தளர்ந்துவிடும், அதனால் இதயம் தள்ளவேண்டிய எதிர்ப்பும் குறையும். வழக்கமாக ஒரு மணி நேரம் வீதம் 35 அமர்வுகள், ஏழு வாரம். 1999-ல் வெளியான, 139 பேரை வைத்து நடந்த ஆய்வில், பட்டையை மெலிதாக ஊதிய போலிச் சிகிச்சைக் குழுவோடு ஒப்பிட்டார்கள். உண்மையான சிகிச்சை பெற்றவர்களுக்கு வலி வரும் தடவைகள் குறைந்தன. நடைச் சோதனையில் ஈசிஜி மாற்றம் தோன்றும் நேரமும் தள்ளிப்போனது. ஆனால் மொத்தமாக நடக்க முடிந்த நேரத்தில் இரு குழுவுக்கும் தெளிவான வேறுபாடு இல்லை.

விளம்பரங்கள் இதை 'இயற்கை பைபாஸ்' என்றும் 'அடைப்பை நீக்கும் சிகிச்சை' என்றும் அழைக்கின்றன. இது அடைப்பைக் கரைப்பதில்லை, ஆயுளைக் கூட்டும் என்றும் நிரூபிக்கப்படவில்லை. மகாதமனி வால்வு கசிபவர்கள், மகாதமனி வீங்கியவர்கள், காலில் ரத்தம் உறைந்தவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோருக்குச் செய்யக் கூடாது. பணம் கட்டுமுன் எக்கோ பார்த்தார்களா, கால் குழாய்களைச் சோதித்தார்களா, இப்போது எடுக்கும் மருந்துகளின் அளவு சரிதானா என்று உங்கள் இதய மருத்துவரிடம் கேளுங்கள்.