இறந்தவரின் சம்பள நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் வக்கீல் அலுவலகத்துக்கு, விபத்தில் ஆளை இழந்த குடும்பங்கள் பெரும்பாலும் காரியம் முடிந்த பிறகுதான் வரும். ஒரு மஞ்சப்பை, அதற்குள் எஃப்.ஐ.ஆர். நகல், போஸ்ட்மார்ட்டம் சான்று. உட்கார்ந்ததும் முதல் கேள்வி, "உயிருக்கு எவ்வளவு சார் தருவாங்க?"

உயிருக்கு யாரும் விலை போடுவதில்லை. அவர் இருந்திருந்தால் வீட்டுக்கு என்ன கொண்டுவந்திருப்பார் என்றுதான் விபத்துத் தீர்ப்பாயம் கணக்குப் போடும். அந்தக் கணக்குக்குத் தேவையான காகிதம் மட்டும் மஞ்சப்பைக்குள் இருக்காது.

சில வருடங்களுக்கு முன் ரெட்டிச்சாவடி பக்கத்துக் கொத்தனார் ஒருவரின் மனைவி வந்தார். கணவருக்கு 34 வயது. தினமும் பைக்கில் முள்ளோடையைத் தாண்டிப் புதுச்சேரிக்கு வேலைக்குப் போனவர், லாரி மோதி இறந்துவிட்டார். மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா. எஃப்.ஐ.ஆரில் தொழில் என்ற இடத்தில் 'கூலி' என்று இருந்தது. புகார் கொடுத்த மச்சான் அந்த நேரத்து அழுகையில் அப்படிச் சொல்லியிருக்கிறார். மாதம் 18,000 வரும் என்றார் மனைவி. இன்சூரன்ஸ் தரப்பு அந்தக் 'கூலி'யைக் காட்டி 12,000 என்றுதான் வாதாடியது.

வித்தியாசம் 6,000 ரூபாய்தானே என்று தோன்றும். உச்ச நீதிமன்றத்தின் 2009 சரளா வர்மா தீர்ப்பும் 2017 பிரணய் சேத்தி தீர்ப்பும் சொல்லும் வழியில் போட்டுப் பாருங்கள். சொந்தமாக உழைத்துச் சம்பாதிக்கிற 40 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு, வருங்கால உயர்வு என்று 40 சதவீதம் கூட்டுவார்கள்: 25,200. வீட்டில் அவரை நம்பி நான்கு பேர் என்பதால் அவருடைய சொந்தச் செலவு கால் பங்கு கழியும்: 18,900. வருடத்துக்கு 2,26,800. 34 வயதுக்குப் பெருக்கும் எண் 16. ஆக 36,28,800 ரூபாய். இதே கணக்கு 12,000-த்தில் தொடங்கினால் 24,19,200-ல் நின்றுவிடும். 'கூலி' என்ற ஒரு சொல்லுக்குப் பன்னிரண்டு லட்சம். ஈமச் செலவு, மனைவி மக்களின் இழப்பு என்று தனியாகச் சேர்வதெல்லாம் இதற்கு முன்னால் சின்னத் தொகைகள்.

அந்த வழக்கைத் தூக்கி நிறுத்தியது மேஸ்திரியின் 80 பக்க நோட்டு. அட்டையில் காய்ந்த சிமென்ட். ஒவ்வொரு சனிக்கிழமையும் பெயர், வேலை செய்த நாள், கொடுத்த தொகை. ஓரத்தில் கழித்த அட்வான்ஸ். நோட்டு இருந்தால் மட்டும் போதாது, எழுதியவர் கூண்டேறிச் சொல்ல வேண்டும். மேஸ்திரி மூன்று வாய்தாவுக்கு வேலையை விட்டுவிட்டு வந்தார். மீன் ஏலக் கணக்கு, பால் சொசைட்டி அட்டை, ஜிபே வரவு எதுவானாலும் எடுத்து வையுங்கள். இறந்தவர் பெண் என்றால், "வீட்ல சும்மாதான் இருந்தா" என்று போலீசிடம் சொல்லிவிடாதீர்கள். வீட்டு வேலைக்கும் வருமானம் கணக்கிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

எங்கள் ஊருக்கே உரிய ஒரு சிக்கல். கடலூரில் அடிபட்டவரைப் புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள். இறந்தால் இறப்புப் பதிவு புதுச்சேரியில், வாரிசுச் சான்று இங்கே தாலுகா ஆபீஸில். இரண்டிலும் பெயர் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று அன்றைக்கே பாருங்கள். டிஸ்சார்ஜ் ஆகி வந்து இருபது நாள் கழித்து வீட்டில் இறந்தால் இன்னும் சிரமம். ஸ்டேஷனுக்குச் சொல்லாமல், போஸ்ட்மார்ட்டம் இல்லாமல் எடுத்துவிட்டால், விபத்தால்தான் இறந்தார் என்று நிரூபிக்க நான் படாத பாடு பட வேண்டும். அறுக்க வேண்டாம் என்று குடும்பம் கெஞ்சுவது புரிகிறது. ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

விபத்து புதுச்சேரி எல்லைக்குள் நடந்திருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் கடலூரிலேயே மனு போடலாம். 2022 ஏப்ரல் 1-லிருந்து மனுவுக்கு ஆறு மாதக் கெடு சட்டத்தில் வந்திருக்கிறது. அதை எதிர்த்து வழக்குகள் போயிருக்கின்றன. கெடு தாண்டியிருந்தாலும் ஒரு வக்கீலைப் பார்த்துவிடுங்கள். டிரைவர் கிரிமினல் வழக்கில் விடுதலை ஆனாலும் நஷ்டஈட்டு வழக்கு அதோடு செத்துவிடாது. இடித்த வண்டி எது என்றே தெரியாவிட்டால் அரசுத் திட்டத்தில் 2 லட்சம் உண்டு.

பிணவறை வாசலிலேயே வக்காலத்தில் கையெழுத்துக் கேட்டு வருகிற ஆட்களைப் பற்றி எங்கள் தொழிலில் வெளியே பேச மாட்டார்கள். நான் பேசுகிறேன். வருகிற பணத்தில் இத்தனை சதவீதம் என்று வக்கீல் பேரம் பேசுவது பார் கவுன்சில் விதிப்படியே தப்பு. பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துத் தரும்.

கொத்தனார் வழக்கில் பிள்ளைகளின் பங்கு, அவர்களுக்கு 18 வயது ஆகும்வரை பேங்க் டெபாசிட்டில் இருக்கிறது. நோட்டு இன்னும் கோர்ட் கட்டுக்குள்தான். மேஸ்திரி இரண்டு தடவை போன் பண்ணிவிட்டார்; வேறு ஆட்களின் அட்வான்ஸ் கணக்கும் அதிலேதான் இருக்கிறதாம்.