எச்பிஏ1சி: ‘மூன்று மாதச் சர்க்கரை’ எப்போது தப்பாகக் காட்டும்?

பரிசோதனைக்கு முன் இரண்டு நாள் வாயைக் கட்டினால் வெறும் வயிற்றுச் சர்க்கரை அழகாக இறங்கிவிடும். கடந்த மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான எச்பிஏ1சி அப்படி இறங்காது. இதற்கு வெறும் வயிறும் வேண்டியதில்லை. எந்த நேரத்திலும் ரத்தம் கொடுக்கலாம்.

ரத்தத்தில் ஓடும் குளுக்கோஸ், இன்சுலின் தயவில்லாமலே சிவப்பணுக்களுக்குள் நுழைகிறது. அங்கே ஹீமோகுளோபின் என்ற புரதத்தின் பீட்டா சங்கிலி முனையில் இருக்கும் வேலின் என்ற அமினோ அமிலத்தில் ஒட்டிக்கொள்கிறது. இதற்கு நொதி எதுவும் தேவையில்லை; சர்க்கரை கூடினால் ஒட்டுவதும் கூடும். முதலில் ஒட்டியது கழன்றும் போகலாம். பிணைப்பு ஒருமுறை உறுதிப்பட்டுவிட்டால் அந்த அணு அழியும்வரை, ஏறக்குறைய 120 நாள், அப்படியே இருக்கும். மொத்த ஹீமோகுளோபினில் இப்படிச் சர்க்கரை ஒட்டியது எத்தனை சதவீதம் என்பதே ரிப்போர்ட்டில் வரும் எண்.

5.7-க்குக் கீழே இயல்பு. 5.7 முதல் 6.4 வரை நீரிழிவுக்கு முந்தைய நிலை. 6.5-உம் அதற்கு மேலும் நீரிழிவு. அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்கு இன்னொரு முறை பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும். சராசரிச் சர்க்கரையாக மாற்ற, எண்ணை 28.7-ஆல் பெருக்கி 46.7-ஐக் கழியுங்கள். 7 என்றால் டெசிலிட்டருக்கு சுமார் 154 மில்லிகிராம். 8 என்றால் 183.

மூன்று மாதமும் இதில் சமமாகச் சேர்வதில்லை. ஏறக்குறைய பாதி கடைசி ஒரு மாதத்தின் பங்கு. அதனால் மருந்தை மாற்றிய மூன்றாவது வாரமே எடுத்துப் பார்த்து ‘கேட்கவே இல்லை’ என்று அலுத்துக்கொள்வது அவசரம். சராசரிக்கே உரிய குறையும் உண்டு: 60-க்கும் 250-க்கும் இடையே தாவுகிறவருக்கும், 150-லேயே நிற்கிறவருக்கும் ஒரே எண் வரலாம்.

பெரிய குழப்பம் சர்க்கரையால் வருவதில்லை, சிவப்பணுவின் வயதால் வருகிறது. இரும்புச்சத்துக் குறைவில் புது அணுக்கள் உற்பத்தி மந்தமாகும். ரத்தத்தில் ஓடுபவற்றில், நெடுநாள் சர்க்கரை ஒட்டிய பழைய அணுக்கள் மிகும். எண் பொய்யாக ஏறும். ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 9 கிராம் மட்டுமே இருக்கும் பெண்ணுக்கு 6.1 வந்தால் உடனே சர்க்கரை முத்திரை குத்தக் கூடாது. இரும்பு மாத்திரையிலேயே அது இறங்கக்கூடும். அதனால் எச்பிஏ1சி-யை ஹீமோகுளோபினைப் பார்க்காமல் தனியாகப் படிப்பது அரைகுறை வேலை.

இதற்கு நேர்மாறும் நடக்கும். ரத்தம் நிறையப் போனவர்கள், சமீபத்தில் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள், சிவப்பணு சீக்கிரம் சிதையும் நோயுள்ளவர்கள், டயாலிசிஸில் சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபாய்ட்டின் ஊசி போடுகிறவர்கள் ஆகியோருக்கு எண் பொய்யாகக் குறையலாம். தாலசீமியா என்ற பரம்பரை ஹீமோகுளோபின் குறை இருந்தாலும், நீலகிரிப் பழங்குடிகளிடம் காணப்படும் அரிவாள் அணு மரபு இருந்தாலும், சில அளவீட்டு முறைகள் தடுமாறும். இவர்களுக்கு நேரடிச் சர்க்கரை அளவுகளே நம்பகம். தேவைப்பட்டால் கடந்த இரண்டு, மூன்று வாரத்தைக் காட்டும் ஃப்ரக்டோசமைன் என்ற ரத்தப் பரிசோதனை உண்டு. கர்ப்பிணிகளின் சர்க்கரையைக் கண்டுபிடிக்க 75 கிராம் குளுக்கோஸ் குடிக்கவைத்துப் பார்க்கும் சோதனைதான் சரி.

போன முறை 6.8, இந்த முறை 7.0 என்றால் பதற வேண்டாம். அது கருவியின் ஊசலாட்டமாகவே இருக்கலாம். ஒரே லேபில் தொடர்ந்து கொடுங்கள். அரைப் புள்ளி நகர்ந்தால் மருத்துவரிடம் பேசுங்கள்.