32 பி.எஸ்.ஐ. என்பது 14.5 கிலோ அல்ல

தமிழாக்கிய கையேடு ஒன்றில் மறுபடியும் பார்த்தேன்: 'டயரில் 14.5 கிலோ காற்றழுத்தம் இருக்க வேண்டும்.' மூலத்தில் இருந்தது 32 பி.எஸ்.ஐ., அதாவது சதுர அங்குலத்துக்கு 32 பவுண்டு விசை. பவுண்டை 0.4536-ஆல் பெருக்கிக் கிலோவாக்கியவர், சதுர அங்குலத்தைக் கைகழுவிவிட்டார்.

அழுந்து, அழுத்து, அழுத்தம் என்று வந்த சொல் இது. ஒரு பரப்பின் மேல் பரவி விழும் விசை. பரப்பைச் சொல்லாவிட்டால் பாதிதான் சொன்னதாகும். ஏக்கருக்கு முப்பது மூட்டை என்பதை ஹெக்டேர் கணக்குக்கு மாற்றும்போது மூட்டையை மட்டும் கிலோவாக்கினால் போதுமா?

இதில் ஆபத்தும் இருக்கிறது. பட்டறையில் 'கம்ப்ரஸர் ஏழு கிலோ' என்றால் சதுர சென்டிமீட்டருக்கு ஏழு கிலோ விசை என்று பொருள். அந்தப் பழக்கத்தில் 14.5 கிலோவைப் படிக்கிறவருக்கு அது 206 பி.எஸ்.ஐ.! எந்தக் கார் டயருக்கும் அவ்வளவு காற்று அடிக்கக் கூடாது. அந்தக் கணக்கில் சரியான எண் 2.25 கிலோதான்.

அப்புறம், பவுண்டுக்குப் பதிலாகச் சிலர் சொல்லும் இந்த 'இறாத்தல்'. பவுண்டு அந்நியச் சொல்லாம், அதனால் 'சதுர அங்குலத்துக்கு 32 இறாத்தல்' என்று எழுத வேண்டுமாம். இறாத்தல் மட்டும் நம் சொல்லா? அரபியின் 'ரத்ல்' அது. இலங்கையில் ஒரு இறாத்தல் பாண் என்றால் 450 கிராம் ரொட்டி. அங்கே அது உயிருள்ள சொல், எனக்கும் பிடித்த சொல். ஆனால் அது கடைத் தராசின் சொல். கேட்டவுடன் மனதில் எடைதான் வரும். பி.எஸ்.ஐ.யில் உள்ள பவுண்டோ விசை. பரப்பை விட்டுவிட்டு அழுத்தத்தை வெறும் எடையாக்கித்தானே அந்தக் கையேடு கெட்டது? இன்னும் சிலர் அங்குலத்தை விரற்கடை ஆக்குகிறார்கள். விரற்கடை ஒரு விரலின் அகலம், ஆளுக்கு ஆள் மாறும். அங்குலம் துல்லியமாக 2.54 சென்டிமீட்டர். அழுத்தத்தின் அலகான பாஸ்கலுக்கு 1971-இல் பிளேஸ் பாஸ்கல் என்ற அறிவியலாளரின் பெயரை வைத்தார்கள். அதை யாரும் தமிழாக்கச் சொல்வதில்லையே. அலகின் பெயர் அப்படியே இருக்கட்டும், அலகுகளுக்கு இடையிலான உறவு தமிழில் வரட்டும். 'படிக்கு இவ்வளவு', 'ஆளுக்கு இரண்டு' என்று பேசுகிற மொழிக்கு 'பிரதி சதுர அங்குலம்' எதற்கு? 'சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு விசை' என்றால் பொருளும் சரி, தமிழும் சரி.

பாடநூலில் இப்படி விரித்து எழுதலாம். கையேட்டில் '32 பி.எஸ்.ஐ. (சுமார் 220 கிலோபாஸ்கல்)' என்று இரண்டையும் போட்டால் போதும். ஒரு பி.எஸ்.ஐ. 6.895 கிலோபாஸ்கல், ஒரு பார் (இன்னொரு அழுத்த அலகு) 14.5 பி.எஸ்.ஐ.; இந்த இரண்டு எண் தெரிந்தால் மாற்றிவிடலாம். மாற்றினாலும் பழைய எண்ணை அழிக்காதீர்கள். பங்க்கில் காற்றுப் பிடிக்கிறவர் கேஜில் தேடுவது அந்த 32-ஐத்தான்.