விளக்கு போடும் முன்பே தீர்ந்துபோகும் 100 யூனிட்

தமிழ்நாட்டில் வீட்டு மின் இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். 2016 மே மாதம் அறிவித்தார்கள். விண்ணப்பம் கிடையாது, பில் போடும்போதே கழித்துவிடுவார்கள். திட்டத்தைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும். அந்த 100 யூனிட் யாருக்கும் தெரியாமல் எங்கே போகிறது என்பதைத்தான் எந்த அலுவலகத்திலும் சொல்வதில்லை.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. இரண்டு மாதம் என்றால் 60 நாள், அதாவது 1,440 மணி நேரம். இரவும் பகலும் ஒரே ஒரு வாட் இழுத்துக்கொண்டிருக்கும் பொருள் ஒரு பில்லில் 1.44 யூனிட் சாப்பிடும். 10 வாட் என்றால் 14.4 யூனிட். 70 வாட் என்றால் 100.8 யூனிட். வீட்டில் யாரும் எதையும் போடாத நேரத்திலும் 70 வாட் ஓடிக்கொண்டிருந்தால், அரசு கொடுத்த 100 யூனிட் அதற்கே சரியாகப் போய்விடும். நீங்கள் ஃபேன் போடுவது, சோறு வைப்பது எல்லாம் காசு கொடுத்துத்தான்.

70 வாட் அதிகம் என்று தோன்றும். சேர்த்துப் பாருங்கள். டிவிக்குச் சேனல் கொடுக்கும் செட்டாப் பாக்ஸ் ரிமோட்டில் அணைத்த பிறகும் கிட்டத்தட்ட ஓடும்போது இழுக்கும் அதே கரண்ட்டை இழுக்கும். சில பெட்டிகளுக்கு 10 வாட் வரை ஆகும். வைஃபை ரூட்டர் ஏழெட்டு வாட். கேமரா வைத்த வீடென்றால் அதன் பதிவுப் பெட்டியும் கேமராக்களும் சேர்ந்து 20 வாட்டைத் தாண்டும். பேட்டரி நிறைந்த பிறகும் இன்வெர்ட்டர் சும்மா இருக்காது. பேட்டரி பழையதாகிவிட்டால் எப்போதும் சார்ஜ் ஏறிக்கொண்டே இருக்கும், அது தனிக் கொள்ளை. அப்புறம் பூஜை அறையில் சிவப்பாக எரியும் ஜீரோ வாட் பல்பு. பெயர்தான் ஜீரோ. பழைய கண்ணாடி பல்பு 12 முதல் 15 வாட் இழுக்கும். இரவும் பகலும் எரிந்தால் ஒரு பில்லுக்கு 17 முதல் 22 யூனிட் வரை. அதையே அரை வாட் எல்.இ.டி.யாக மாற்றினால் ஒரு யூனிட்கூட ஆகாது.

போன் சார்ஜரைப் பிடுங்கச் சொல்லி வீட்டில் சண்டை போட வேண்டாம். போன் மாட்டாத புது சார்ஜர் இழுப்பது மிகக் குறைவு. ஃபிரிட்ஜை ராத்திரி அணைப்பதும் வேண்டாம். காலையில் அது திரும்பக் குளிர எடுத்துக்கொள்ளும் கரண்ட்டில் மிச்சம் பெரும்பாலும் போய்விடும், பண்டமும் கெடும். ஃபிரிட்ஜ் வாங்கும்போது ஸ்டார் முத்திரையில் போட்டிருக்கும் வருட யூனிட்டை ஆறால் வகுத்துப் பாருங்கள். உங்கள் பில்லில் அது பிடிக்கப்போகும் இடம் ஏறக்குறைய தெரிந்துவிடும். நட்சத்திரத்தை மட்டும் எண்ணாதீர்கள். விதி இறுகும்போது பழைய ஐந்து நட்சத்திரம் புதுக் கணக்கில் குறைந்துபோகும். முத்திரை எந்த ஆண்டுக்கானது என்று அதிலேயே இருக்கும்.

இனி நிறையப் பேர் விழும் குழிக்கு வருகிறேன். 500 யூனிட் கோடு.

2024 ஜூலை உயர்வுக்குப் பிறகு உள்ள விலையில் கணக்குப் போடுகிறேன். மொத்தம் 500 யூனிட்டுக்குள் இருந்தால் முதல் 100 இலவசம், அடுத்த 100 யூனிட்டுக்கு 2.35 ரூபாய், 201 முதல் 400 வரை 4.70, 401 முதல் 500 வரை 6.30. ஆக 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய். ஒரு யூனிட் கூடி 501 ஆனால், அந்த ஒரு யூனிட்டுக்கு மட்டும் 8.40 என்று நினைத்துவிடாதீர்கள். 101 முதல் 200 வரை கொடுத்த பாதி விலைச் சலுகையையும் சேர்த்துப் பிடுங்கிக்கொள்வார்கள். பில் 2,048 ரூபாய் 40 காசு. ஒரே ஒரு யூனிட்டுக்கு 243 ரூபாய் 40 காசு! இலவச 100 யூனிட் அப்போதும் இருக்கும், அதனால் பில்லைப் பார்க்கிறவருக்கு என்ன போனது என்றே புரியாது. விலை மாறினால் உங்கள் பில்லில் உள்ள விலையை வைத்து இதே கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்.

சும்மா ஓடும் கரண்ட் இங்கேதான் கழுத்தைப் பிடிக்கும். ஒரு வீட்டில் 530 யூனிட் வருகிறது, பில் 2,292 ரூபாய். அதில் 35 வாட் எந்நேரமும் சும்மா ஓடுவது. அது 50 யூனிட். அதை நிறுத்தினால் 480 யூனிட், பில் 1,679 ரூபாய். செட்டாப் பாக்ஸையும் இன்னும் இரண்டு மூன்று பொருளையும் சுவிட்சில் அணைத்ததற்கு 613 ரூபாய் மிச்சம். ஏசியைக் குறை, ஃபேனைக் குறை என்று யாரையும் புழுங்க வைக்காமல் கிடைக்கும் பணம் இது.

கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறவர்கள் தேதியையும் பார்த்தாக வேண்டும். ரீடிங் எடுக்கிறவர் 60-ஆம் நாள் வராமல் 66-ஆம் நாள் வந்தால், அந்த ஆறு நாள் கரண்ட்டும் இதே பில்லில் ஏறும். நாளுக்கு எட்டு யூனிட் ஓடும் வீட்டில் அது 48 யூனிட். 480-இல் நிற்க வேண்டியவர் 528-க்குப் போய்விடுவார். தாமதித்தது அவர், பணம் கட்டுவது நீங்கள். கேட்டால் "அடுத்த தடவை குறைஞ்சிடும்மா" என்பார்கள். அடுத்த தடவை யூனிட் குறையலாம்; இந்தத் தடவை போன சலுகை திரும்பி வராது. அதனால் போன ரீடிங் தேதியிலிருந்து 60-ஆம் நாள் மீட்டரை எண் தெளிவாகத் தெரியும்படி போட்டோ எடுத்து வையுங்கள். அன்றே மின் வாரியப் பிரிவு அலுவலகத்துக்கு வாட்ஸப்பிலோ கையிலோ கொடுத்துவிடுங்கள். பிறகு சண்டை போட உங்களிடம் இருக்கும் ஒரே ஆதாரம் அதுதான்.

ஊருக்குப் போய் வீடு பூட்டியிருந்தால் முந்தைய கணக்கை வைத்து ஒரு தொகை போடுவார்கள். அடுத்த ரீடிங்கில் நான்கு மாத யூனிட்டும் சேர்ந்து நிற்கும். அதை இரண்டாகப் பிரித்து, இரண்டு பில்லுக்கும் தனித்தனியே 100 யூனிட் கழித்து, கட்டியதைத் தள்ளி மீதியைத்தான் கேட்க வேண்டும். அப்படிச் செய்திருக்கிறார்களா என்று நீங்கள்தான் போட்டுப் பார்க்க வேண்டும். வெள்ளை அட்டையில் ரீடிங் எழுதச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். "எல்லாம் மெசேஜில் வரும்" என்று சொல்லிவிட்டு நகர்வார்கள். எழுதி வாங்கிய அட்டை இல்லாமல் போய் நின்றவர்கள் எத்தனை நாள் அலைந்தார்கள் என்று பார்த்திருக்கிறேன்.

சரி, உங்கள் வீட்டில் எத்தனை வாட் சும்மா ஓடுகிறது? இதற்குக் கருவி வாங்க வேண்டாம். ஃபிரிட்ஜைச் சில நிமிடம் அணைத்துவிட்டு, நீங்கள் கையால் போடும் விளக்கு, ஃபேன் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். எப்போதும் செருகியே கிடப்பவற்றை அப்படியே விடுங்கள். மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கும். அதன் பக்கத்தில் 3200 அல்லது 1600 என்று ஒரு எண் இருக்கும்; ஒரு யூனிட்டுக்கு அது அத்தனை தடவை மினுக்கும் என்று பொருள். 3200 மீட்டரில் 16 நொடிக்கு ஒருமுறை மினுக்கினால் 70 வாட் ஓடுகிறது. 32 நொடி ஆனால் 35 வாட். 1600 மீட்டர் என்றால் 32 நொடிக்கு ஒருமுறை மினுக்குவதே 70 வாட்.

அடுத்து மெயின் சுவிட்சை இறக்குங்கள். மினுக்குவது நிற்க வேண்டும். நிற்காவிட்டால் கோளாறு உங்கள் பொருள்களில் இல்லை, வயரிங்கிலோ மீட்டரிலோ இருக்கிறது. அதோடு 'இ.எல்.' (EL) என்று எழுதிய இன்னொரு சின்ன விளக்கையும் பாருங்கள். அது எரிந்தால் கரண்ட் எர்த் வழியாகக் கசிகிறது, அல்லது பக்கத்துப் போர்ஷன் நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் வயர், உங்கள் நியூட்ரலோடு கலந்திருக்கிறது. இப்போதைய மீட்டர்கள் ஃபேஸ், நியூட்ரல் இரண்டில் எதில் அதிகம் ஓடுகிறதோ அதைத்தான் கணக்கில் எடுக்கும். கலந்துவிட்டால் பக்கத்து வீட்டு மோட்டாருக்கு நீங்கள் பணம் கட்டுவீர்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு அக்கா இரண்டு வருடம் இப்படிக் கட்டினார். கணவர் இல்லை, வீட்டில் இரண்டு ஃபேன், ஒரு டிவி, ஒரு ஃபிரிட்ஜ். பில் மட்டும் குறையவே இல்லை. "நீங்க எரிச்சதுதான் ஓடியிருக்கு" என்று அலுவலகத்தில் சொல்லிச் சொல்லி, அவருக்கே தன் மேல் சந்தேகம் வந்துவிட்டது. பிள்ளைகள் படிக்கும் நேரத்திலும் விளக்கை அணைத்தார். கடைசியில் ஒரு வயர்மேன் வந்து பத்து நிமிடத்தில் சொன்னார்: நியூட்ரல் கலந்திருக்கிறது. 'இ.எல்.' விளக்கு அத்தனை நாளும் எரிந்துகொண்டுதான் இருந்தது. கட்டிய பணம் கட்டியதுதான், உள் வயரிங் உங்கள் பொறுப்பு என்று கைவிரித்துவிட்டார்கள். அதனால்தான் சொல்கிறேன், அந்த விளக்கை இன்றே போய்ப் பாருங்கள். எரிந்தால் உரிமம் உள்ள வயர்மேனைக் கூப்பிடுங்கள். கசிவு பில்லோடு நிற்காது, ஆளையும் கொல்லும்.

வாடகைக்கு இருப்பவர்கள் படும் பாடு தனி. மூன்று போர்ஷனுக்கு ஒரே இணைப்பு என்றால் மூன்று குடும்பத்துக்கும் சேர்த்து ஒரே 100 யூனிட்தான், மொத்தமும் 500-ஐ எளிதாகத் தாண்டும். சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்கும் வீட்டில் இலவசம் உங்களுக்கு வருவதே இல்லை. சர்வீஸ் நம்பரைக் கேட்டு வாங்குங்கள், இணையத்தில் பில் தெரியும், பேச அது போதும். தனிச் சமையலறை, தனி வாசல் உள்ள போர்ஷனுக்குத் தனி இணைப்பு கேட்கலாம். பெரும்பாலும் வீட்டுக்காரர்தான் விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். "என் பேரில் நிறைய இணைப்பு இருந்தால் இலவசம் போய்விடும்" என்பார்கள். 2022 நவம்பரில் ஆதார் இணைப்பு தொடங்கியபோது பரவிய பயம் அது. ஒருவர் பெயரில் எத்தனை இருந்தாலும் ஒவ்வொன்றுக்கும் 100 யூனிட் தொடரும் என்று அப்போதே அரசு சொல்லிவிட்டது.

பில்லில் கட்டண வகை 1ஏ (வீட்டு இணைப்பு) என்று இருக்கிறதா என்பதையும் பாருங்கள். வீடு கட்டும்போது வாங்கிய தற்காலிக இணைப்பு குடிவந்த பிறகும் மாறாமல் இருந்தாலோ, இணைப்பு கடை வகையில் இருந்தாலோ, 100 யூனிட் இல்லை. தானாக மாற்றித் தர மாட்டார்கள்.

புகார் என்றால் மின் வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்குப் போன் செய்து (94987 94987) எண் வாங்குங்கள், ஆனால் பில் தகராறில் அதோடு உட்கார்ந்துவிடாதீர்கள். பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளருக்கு எழுத்தில் கொடுங்கள். "ரீடிங் எடுத்தவரைப் பாருங்க", "வருவாய்ப் பிரிவுக்குப் போங்க", "சிஸ்டத்துல அப்படித்தான் வருது" என்று சுற்ற விடுவார்கள். பதில் வராவிட்டால் மேற்பார்வைப் பொறியாளர் அலுவலகத்தில் உள்ள நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்துக்கு எழுதலாம், வக்கீல் தேவையில்லை. அங்கும் நியாயம் கிடைக்காவிட்டால்தான் சென்னையில் உள்ள மின்குறை தீர்ப்பாளர். மன்றத்தைத் தாண்டி நேரே அங்கே போனால் திருப்பி அனுப்புவார்கள்.

மீட்டரைச் சோதிக்கச் சொல்லிப் பணம் கட்டும் முன் மேலே சொன்ன மெயின் சுவிட்ச் சோதனையை வீடியோ எடுத்துவிடுங்கள். கடிதத்தில் சர்வீஸ் நம்பர், முந்தைய ரீடிங்கும் தேதியும், இப்போதைய ரீடிங்கும் தேதியும், எத்தனை நாள் தாமதம், எவ்வளவு ரூபாய் திருத்த வேண்டும் என்று மட்டும் எழுதுங்கள். இரண்டு பிரதி கொண்டுபோங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் தேதியோடு கையெழுத்தும் முத்திரையும் வாங்காமல் அந்த இடத்தை விட்டு நகராதீர்கள்.