ஊகப்புனைவு: ‘ஸ்பெகுலேட்டிவ் ஃபிக்‌ஷன்’ என்ற சொல்லைப் பற்றி

அடுத்து என்ன அறிவியல் புனைகதை படிக்கலாம், எந்த ஃபேண்டஸி நாவலை எடுக்கலாம் என்று தேடுகிறவர் கண்ணில் அடிக்கடி படும் சொல் ‘ஸ்பெகுலேட்டிவ் ஃபிக்‌ஷன்’. பின்னட்டையில் இருக்கும், விருதுக் குறிப்பில் இருக்கும், தொகுப்பு நூல்களின் தலைப்பிலேயே இருக்கும். ஒரு நூலில் அந்தச் சொல்லுக்குப் பின்னால் விண்கலம் வரும். அடுத்ததில் டிராகன் வரும், இன்னொன்றில் பேய் வரும். விண்கலத்தை நம்பி வாங்கிப் பேயிடம் மாட்டிக்கொண்டவர்கள் நிறையப் பேர்.

பொதுவாக இன்று வழங்கும் பொருள் இதுதான்: நாம் வாழும் உலகில் இல்லாத ஒன்றை ‘இருந்தால் என்ன ஆகும்?’ என்று வைத்துக்கொண்டு எழுதப்படும் கதைகள் அனைத்துக்கும் பொதுப்பெயர். அறிவியல் புனைகதை, ஃபேண்டஸி, அமானுஷ்யத் திகில், மாற்று வரலாறு எல்லாம் இதற்குள் அடங்கும்.

ஓர் ஊரில் மழை தரையிலிருந்து மேல்நோக்கிப் பெய்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஈர்ப்புவிசைக்கு அங்கே என்ன நேர்ந்தது, கிணற்று நீர் என்னவாகும், பறவைகள் எப்படிப் பறக்கும், இதை அளந்து பார்க்க வந்த ஆய்வாளருக்கு என்ன கிடைத்தது என்று கதை போனால் அது அறிவியல் புனைகதை. ஆற்றுத் தெய்வத்துக்குக் கொடுத்த வாக்கை அரசன் மீறினான், அதனால் நீர் வானத்துக்கே திரும்புகிறது என்றால் ஃபேண்டஸி. மேலே போகும் ஒவ்வொரு துளியும் ஒருவர் குரலில் அழுதால் திகில். மூன்றுக்கும் வித்து ஒன்றுதான். எழுத்தாளர் அதற்கு எந்த வகைக் காரணம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறார் என்பதில்தான் கிளை பிரிகிறது.

சொல்லின் வேருக்கு வருவோம். லத்தீனில் ‘ஸ்பெகுலா’ என்றால் காவற்கோபுரம். அதில் நின்று தொலைவை நோட்டமிடுவது ‘ஸ்பெகுலாரி’. தினைப்புனத்துப் பரணில் நிற்பவர், இன்னும் வந்துசேராத யானையைத் தொலைவில் அசையும் புதரை வைத்தே கண்டுகொள்வது போன்ற பார்வை அது. பங்குச் சந்தையில் சொல்லும் ‘ஸ்பெகுலேஷன்’ இதே வேரிலிருந்து வந்தது. ‘ஃபிக்‌ஷன்’ என்பதற்கு மூலம் ‘ஃபிங்கெரே’ என்ற வினை. களிமண்ணைப் பிசைந்து உருவம் செய்வதைக் குறித்தது.

இலக்கியச் சொல்லாக இதைப் பரப்பியவர் அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் ராபர்ட் ஹைன்லைன். 1947-இல் வெளிவந்த ஒரு கட்டுரையில் அறிவியல் புனைகதைக்கு இன்னும் பொருத்தமான பெயர் என்று இதை முன்வைத்தார். அறிந்த அறிவியலிலிருந்து அறியாததை நோக்கி எட்டிப் பார்ப்பதையே அவர் மனத்தில் கொண்டிருந்தார். மந்திரவாதிகளுக்கு அதில் இடம் இல்லை. 1960-களில் தொகுப்பாசிரியர் ஜூடித் மெரில் போன்றவர்கள் கையில் சொல்லின் பொருள் விரிந்தது. பிற்பாடு ஃபேண்டஸியும் திகிலும் உள்ளே வந்து உட்கார்ந்தன. இதற்கிடையே கனடிய நாவலாசிரியர் மார்கரெட் அட்வுட் தனி வழி போனார். செவ்வாய்வாசிகள் வரும் கதைகளை அறிவியல் புனைகதை என்று ஒதுக்கிவிட்டு, இன்றுள்ள வசதிகளைக் கொண்டே உண்மையில் நடக்கக்கூடியதை எழுதும் தன் நாவல்களுக்கு இந்தப் பெயரை வைத்துக்கொண்டார். ஆக, ஒரே சொல்லுக்கு ஒன்றோடொன்று ஒட்டாத மூன்று பொருள். பதிப்பகங்கள் நான்காவதாக ஒன்றைச் சேர்த்துவிட்டன என்பது என் கணிப்பு: ‘இது அறிவியல் புனைகதைதான், ஆனால் இலக்கிய வாசகர்கள் பயப்பட வேண்டாம்’ என்பதற்கான நாசூக்கான சொல்.

இனித் தமிழ். ‘ஃபிக்‌ஷன்’ பற்றிக் கவலையில்லை, ‘புனைவு’ நன்றாக வேரூன்றிவிட்டது. மாலை தொடுப்பது, அழகுபடுத்துவது, ஓவியம் தீட்டுவது எல்லாமே பழந்தமிழில் புனைதல்தான். நெடுநல்வாடை அணிகளைக் களைந்திருக்கும் அரசியைப் ‘புனையா ஓவியம்’ போன்றவள் என்கிறது. லத்தீன்காரர் களிமண்ணைப் பிசைய, நம்மவர் பூவையும் வண்ணத்தையும் எடுத்தார்கள், இரண்டும் கைவேலை.

‘ஸ்பெகுலேட்டிவ்’ என்ற முன்பாதிதான் இடறுகிறது. ‘கற்பனைப் புனைவு’ என்றால் சொன்னதையே திரும்பச் சொன்னதாகும். ‘அனுமானப் புனைவு’ தருக்க நூல் வாடை அடிக்கிறது. தனித்தமிழ் வேண்டுவோர் ‘உய்த்துணர்’ என்பதை எடுக்கலாம். தொல்காப்பியம் நூல் எழுதும் உத்திகளில் ஒன்றாக ‘உய்த்துக்கொண்டு உணர்தல்’ என்று சொல்கிறது; தந்ததை வைத்துத் தராததை அறிவது. பொருள் கச்சிதம்தான். ஆனால் ‘உய்த்துணர்புனைவு’ என்று நூலின் முதுகில் அச்சிட்டுப் பார்த்தால் வாய் சுளுக்கிக்கொள்ளும்.

எஞ்சுவது ‘ஊகப்புனைவு’. ஊகம் வடசொல்தான். ஆனாலும் ‘ஊக வணிகம்’ என்று சந்தைச் செய்திகளில் ஏற்கெனவே பழகிய சொல் என்பதால் விளக்கம் தேவைப்படாது. பேச்சில் ‘யூகம்’ என்கிறோம். எழுதும்போது ‘ஊகம்’ போதும். (பழைய நூல்களில் ஊகம் ஒரு வகைக் குரங்குக்கும் பெயர். மரத்துக்கு மரம் தாவுகிற இந்தக் கதைவகைக்கு அதுவும் பொருந்துகிறது.)

இதன் கீழே வரும் கிளைகளுக்கும் பெயர் உண்டு. அறிவியல் புனைகதையைச் சுருக்கி ‘அறிபுனை’ என்கிறார்கள். ஃபேண்டஸிக்கு ‘மிகுபுனைவு’, ‘கனவுருப்புனைவு’ இரண்டும் புழங்குகின்றன. என் ஓட்டு மிகுபுனைவுக்கு. கனவு என்று சொன்னதும் விழித்தால் கலைந்துவிடும் என்ற எண்ணம் வருகிறது. நல்ல ஃபேண்டஸியில் உலகம் கலையாது, அதற்கென்று கறாரான சட்டதிட்டம் இருக்கும். இல்லாத பொருளை உவமையாக்குவதை ‘இல்பொருள் உவமை’ என்று தமிழ் அணியிலக்கணம் தனியாகப் பெயரிட்டிருப்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். வறண்ட வன்னிலத்தில் வற்றல் மரம் தளிர்ப்பதைச் சொல்லும் 78-ஆம் குறள் அதற்குப் பாடப்புத்தக எடுத்துக்காட்டு. அங்கே ஒரு வரியில் வந்து மறைகிற பொருளை மிகுபுனைவு அறுநூறு பக்கம் நிற்கவைக்கிறது.

நூல் தேடும்போது, பல வகைகளையும் ஒன்றாக அடக்கும் இந்தக் குடைச்சொல் அவ்வளவாக உதவாது; கிளைப்பெயரைக் கேட்பதே மேல். விருதுகளிலும் இதே சிக்கல்தான். ஹியூகோ விருதை அறிபுனைக்கு மட்டுமே உரியது என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் 2001-இல் சிறந்த நாவலுக்கான ஹியூகோ ஹாரி பாட்டர் வரிசையின் நான்காம் நூலுக்குப் போனது. அறிபுனை மட்டும் வேண்டுவோர் 1987 முதல் வழங்கப்படும் ஆர்தர் சி. கிளார்க் விருதின் இறுதிப் பட்டியலைப் பார்க்கலாம். மிகுபுனைவுப் பக்கம் போகிறவர்களுக்கு 1975-இல் தொடங்கிய வேர்ல்டு ஃபேண்டஸி விருது இருக்கிறது. வென்ற நூலைவிடப் பட்டியலில் நின்று தோற்ற நூல்களில்தான் எனக்குப் பிடித்தவை அதிகம் கிடைத்திருக்கின்றன.

குடைச்சொல் கைகொடுக்கும் இடம் ஒன்று உண்டு: சிறுகதைத் தொகுப்பு. ஓர் ஆண்டின் சிறந்த ஊகப்புனைவுகள் என்று வரும் நூலில் வகை கலந்திருப்பதே லாபம். இருபது எழுத்தாளர்களைக் கொஞ்சம் கொஞ்சம் படித்துவிட்டு, பிடித்த இருவரின் நாவல்களைத் தேடிப் போகலாம்.

பயன்பாடு: ‘அவர் எழுதுவதெல்லாம் ஊகப்புனைவுதான், முதல் இரண்டு நாவல்கள் அறிபுனை, அண்மையில் வந்தது மிகுபுனைவு.’