விண்டோஸ் புதிதாகப் போட்டாச்சு, பழைய ஃபைல் எங்கே போச்சு?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச அப்டேட்கள் நின்றுவிட்டன. அதற்கு முன்னும் பின்னுமாக, தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த் பக்கம் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் என் மேசைக்குப் பழைய மெஷின்கள் வந்தபடியே இருக்கின்றன. பாதுகாப்புச் சாவிகளை வைத்திருக்கும் டிபிஎம் 2.0 சிப் இல்லை, அதனால் விண்டோஸ் 11 ஏற்காது, ஆனால் மெஷின் நன்றாகத்தான் ஓடுகிறது. சிலர் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டு வீட்டிலேயே வைத்துக்கொள்கிறார்கள், சிலர் இணையத்தில் விளம்பரம் கொடுத்து விற்கிறார்கள், சிலர் கோயிலுக்கோ தமிழ் வகுப்புக்கோ கொடுத்துவிடுகிறார்கள். யார் வந்தாலும் சொல்வது ஒன்றேதான்: "ஃபார்மட் அடிச்சுப் புதுசா போட்டுக் கொடுங்க." நான் பதிலுக்குக் கேட்பது: "இந்த டிஸ்க் இனிமே யார் கையில இருக்கப் போகுது?"

ஏன் இதைக் கேட்கிறேன் என்றால், மற்ற எல்லாம் இந்தப் பதிலைப் பொறுத்துத்தான். எந்த சாஃப்ட்வேர், எத்தனை தடவை என்பதெல்லாம் அப்புறம்.

மெஷின் உங்களிடமே இருக்கப் போகிறதா? அப்படியானால் டிஸ்க்கை முழுக்கத் துடைக்க வேண்டியதே இல்லை. இன்ஸ்டால் செய்யும்போது பழைய பார்ட்டிஷன்களை, அதாவது டிஸ்க்கைப் பிரித்து வைத்திருக்கும் பகுதிகளை, அழித்துவிட்டு, காலியிடத்தைத் தேர்ந்தெடுத்து மேலே போய்க்கொண்டே இருக்கலாம். வைரஸ் வந்த மெஷினுக்கும் பெரும்பாலும் இது போதும். அழித்த பார்ட்டிஷனுக்குள் கிடக்கும் பழைய வைரஸ் ஃபைல் தானாக எழுந்து வந்து ஓடாது. "டீப் ஃபார்மட்" என்று பெயர் வைத்து இதற்குத் தனிக் கட்டணம் வாங்குபவர்கள் இருக்கிறார்கள். கொடுக்காதீர்கள்.

டிஸ்க் வேறொருவர் கைக்குப் போகிறது என்றால் கதையே வேறு.

ஃபைலை டிலீட் செய்தால், அது இருந்த இடம் காலி என்று டிஸ்க்கின் பட்டியலில் குறிக்கப்படுகிறது, அவ்வளவுதான். குயிக் ஃபார்மட் அந்தப் பட்டியலையே புதிதாக எழுதுகிறது. இரண்டுமே வீட்டு வாசலில் பெயர்ப்பலகையைக் கழற்றுவது மாதிரி, உள்ளே கட்டில் பீரோ எல்லாம் போட்ட இடத்திலேயே கிடக்கும். விண்டோஸைப் புதிதாகப் போட்டால் மேலே எழுதிவிடாதா என்று கேட்பார்கள். எழுதும்தான், ஆனால் எவ்வளவு? 500 ஜிபி ஹார்ட் டிஸ்க்கில் புது விண்டோஸ் எடுத்துக்கொள்வது சுமார் 20, 30 ஜிபி. மீதி இடத்தில் பழைய சரக்கு அப்படியே கிடக்கும். ஃபோட்டோரெக் என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. பட்டியலையே பார்க்காமல் டிஸ்க்கை வரிசையாகப் படித்து, இது படத்தின் தொடக்கம், இது பிடிஎஃப்பின் தொடக்கம் என்று கண்டுபிடித்து எடுத்துக் கொடுக்கும். அதை ஓட்டப் பெரிய படிப்பு ஒன்றும் தேவையில்லை, பொறுமை இருந்தால் போதும்.

ஒரு கல்லூரி மாணவி பழைய லேப்டாப் ஒன்று வாங்கியிருந்தார். "புது விண்டோஸ் போட்டது, சுத்தமா இருக்கு" என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். சில மாதம் கழித்துத் தன் அசைன்மென்ட் ஃபோல்டரைத் தவறி டிலீட் செய்துவிட்டு என்னிடம் கொண்டுவந்தார். ஸ்கேன் ஓட ஓட அவருடைய ஃபைல்களோடு முன்பு வைத்திருந்தவரின் சம்பளச் சீட்டுகள், ஐடி புத்தகத்தின் ஸ்கேன், மாநகராட்சி தண்ணீர் மின்சார பில் என்று ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. மாணவியின் ஃபைல்களை மட்டும் எடுத்துக்கொடுத்து, மற்றதை அழித்தேன்.

அந்த மூன்று காகிதமும் ஒரே இடத்தில் இருந்தது தற்செயல் இல்லை. நம் நாட்டில் வங்கிக் கணக்கு திறந்தாலும், கடன் கேட்டாலும் கறுப்புப் பணத்தைத் தடுக்கும் ஃபிக்கா சட்டத்தைச் சொல்லி ஐடியும் முகவரிச் சான்றும் கேட்கிறார்கள். கடன் என்றால் சம்பளச் சீட்டும் சேர்ந்துகொள்ளும். நாமும் ஒருமுறை ஸ்கேன் செய்து, "டாக்குமெண்ட்ஸ்" என்று ஒரு ஃபோல்டர் போட்டு, டெஸ்க்டாப்பிலேயே வைத்துவிடுகிறோம். நம் 13 இலக்க ஐடி எண்ணின் முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி. இவை எல்லாம் சேர்ந்து ஒருவனிடம் கிடைத்தால், உங்கள் பெயரில் அவன் கடனுக்கு விண்ணப்பிக்கலாம், உங்கள் போன் நம்பரைத் தன் சிம்முக்கு மாற்றிக்கொள்ளும் சிம் ஸ்வாப் மோசடிக்கும் இறங்கலாம். பிரவுசரில் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளும் அதே டிஸ்க்கில்தான் இருக்கின்றன.

துடைப்பதற்கு முன், எடுக்க வேண்டியதை எடுங்கள். போட்டோ, டாக்குமெண்ட் என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும், மறந்துபோவது வேறு. அவுட்லுக்கில் மெயில் பார்ப்பவர்களின் மெயிலெல்லாம் இருக்கும் பிஎஸ்டி ஃபைல், கணக்கு மென்பொருளின் டேட்டா ஃபோல்டர், ஆஃபீஸ் லைசென்ஸ் எந்த மெயில் ஐடியில் இருக்கிறது என்ற விவரம் இவையெல்லாம். பிறகு ஒன்று, தமிழர்களுக்கே உரியது: பழைய ஃபான்ட். நம் சபைகளிலும் கோயில்களிலும் பல வருடங்களுக்கு முன் டைப் செய்த அழைப்பிதழ், தேவாரப் பாட்டுத் தாள், காவடித் திருவிழா நிகழ்ச்சி நிரல் எல்லாம் பாமினி மாதிரி, யூனிகோடு என்ற இன்றைய பொது எழுத்து முறைக்கு முந்தைய எழுத்துருவில் கிடக்கும். டாக்குமெண்ட்டை மட்டும் பென் டிரைவில் எடுத்துவிட்டு டிஸ்க்கைத் துடைத்தால், புது மெஷினில் திறக்கும்போது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஒரு குப்பை தெரியும். பாமினி இன்றும் இணையத்தில் கிடைக்கிறது. யாரோ ஒருவர் ஊரிலிருந்து சிடியில் கொண்டுவந்த பெயர் தெரியாத ஃபான்ட் கிடைப்பது சந்தேகம். விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரை அப்படியே காப்பி எடுத்துவிடுங்கள், அப்புறம் நேரம் கிடைக்கும்போது யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

எடுத்த பேக்கப்பை வேறொரு மெஷினில் செருகி நாலு ஃபைலைத் திறந்து பாருங்கள். ஃபைல் பெயர் தெரிகிறது என்பதற்காக ஃபைல் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. பார்த்து முடித்ததும் அந்த டிரைவைக் கழற்றி மேசையை விட்டுத் தள்ளி வையுங்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன், ஏனென்றால் துடைக்கும்போது நடக்கும் மோசமான விபத்து இதுதான்: பேக்கப் டிரைவும் கூடவே செருகியிருக்கும், ஸ்க்ரீனில் "டிஸ்க் 0, டிஸ்க் 1, டிஸ்க் 2" என்று மட்டும் வரும், இரண்டு டிஸ்க்கும் 1 டிபி, கை தவறான எண்ணை அடிக்கும். டெஸ்க்டாப் மெஷின் என்றால் துடைக்கப் போகும் டிஸ்க்கைத் தவிர மற்ற டிஸ்க்குகளின் கேபிளைப் பிடுங்கிவிட்டே தொடங்குங்கள். இன்ஸ்டால் பென் டிரைவும் அந்தப் பட்டியலில் ஒரு டிஸ்க்காகத்தான் வரும், அளவைப் பார்த்து அடையாளம் கண்டுகொள்ளலாம்.

சரி, துடைப்பது. முதலில் உள்ளே இருப்பது சுழலும் ஹார்ட் டிஸ்க்கா, சுழலும் பாகம் இல்லாமல் மெமரி சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டியா என்று பாருங்கள். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபாமன்ஸ் பக்கமே பெரும்பாலும் சொல்லிவிடும்.

ஹார்ட் டிஸ்க் என்றால் வேலை சுலபம், நேரம்தான் அதிகம். விண்டோஸ் இன்ஸ்டால் பென் டிரைவிலிருந்து மெஷினைத் தொடங்கி, முதல் ஸ்க்ரீனில் ஷிஃப்ட்டும் எஃப்10-உம் சேர்த்து அழுத்தினால் கறுப்பு ஜன்னல் ஒன்று திறக்கும். அதில் டிஸ்க்பார்ட் (diskpart), பிறகு லிஸ்ட் டிஸ்க் (list disk), பிறகு செலக்ட் டிஸ்க் (select disk) என்று அடித்து டிஸ்க்கின் எண், கடைசியில் கிளீன் ஆல் (clean all). இந்த "ஆல்" முக்கியம். வெறும் "கிளீன்" என்று அடித்தால் நொடியில் முடிந்துவிடும், ஏனென்றால் அது பார்ட்டிஷன் விவரத்தை மட்டும் அழிக்கிறது. "கிளீன் ஆல்" டிஸ்க்கின் ஒவ்வொரு செக்டரிலும், அதாவது ஒவ்வொரு சின்னக் கட்டத்திலும், பூஜ்யம் எழுதும். 1 டிபி டிஸ்க் உள்ளேயே மாட்டியிருந்தால் இரண்டிலிருந்து மூன்று மணி நேரம், பழைய யூஎஸ்பி 2.0 வழியாக என்றால் எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நடுவில் ஸ்க்ரீனில் ஒரு எழுத்துகூட நகராது, தொங்கிவிட்டது என்று நினைத்து ஆஃப் செய்யாதீர்கள். மின்வெட்டு வந்து நின்றுபோனால் டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகாது, முதலிலிருந்து தொடங்க வேண்டும், அவ்வளவே.

ஒரு தடவை போதுமா என்ற கேள்வி கட்டாயம் வரும். போதும். 35 தடவை மேலெழுத வேண்டும் என்ற பேச்சு 1996-இல் பீட்டர் குட்மன் எழுதிய ஓர் ஆய்வுக் கட்டுரையிலிருந்து வந்தது. அக்காலத்து டிஸ்க் வகைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் போட்ட கணக்கு அது, இன்றைய டிஸ்க்குக்கு அத்தனையும் தேவையில்லை என்று அவரே பின்னர் எழுதிவிட்டார். அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2014-இல் வெளியிட்ட வழிகாட்டியும் இன்றைய ஹார்ட் டிஸ்க்குக்கு ஒருமுறை மேலெழுதினால் பொதுவாகப் போதும் என்கிறது. ஏழு தடவை ஓட்டுவதால் கரண்ட் பில்தான் ஏறும்.

எஸ்எஸ்டியில் இந்த வழியை நம்பாதீர்கள். எந்த இடத்தில் எழுத வேண்டும் என்பதை நாம் சொன்னாலும், உண்மையில் எந்தச் சிப்பில் எழுதுவது என்பதை அதன் கன்ட்ரோலரே தீர்மானிக்கிறது. எல்லாச் செல்லும் சமமாகத் தேய வேண்டும் என்பதற்காக இடம் மாற்றி மாற்றி எழுதும், நம் கண்ணுக்குக் காட்டாத உபரி இடமும் வைத்திருக்கும். பூஜ்யத்தை எழுதிக்கொண்டே போனாலும் பழைய துண்டு எங்காவது மிஞ்சலாம், டிஸ்க்கின் ஆயுளும் கொஞ்சம் குறையும். அதற்கென்றே உள்ள செக்யூர் எரேஸ் கட்டளையைக் கொடுக்க வேண்டும், அப்போது கன்ட்ரோலரே எல்லாச் செல்லையும் காலி செய்யும். ஹெச்பி, டெல், லெனோவா நிறுவனங்களின் அலுவலக ரக லேப்டாப்புகள் பலவற்றில் விண்டோஸ் தொடங்கும் முன்னே திறக்கும் பயாஸ் மெனுவிலேயே இது இருக்கிறது. இல்லாவிட்டால் எஸ்எஸ்டி தயாரித்த நிறுவனத்தின் மென்பொருளில் தேடுங்கள். பெரும்பாலும் சில நொடியிலிருந்து சில நிமிடத்துக்குள் முடிந்துவிடும். சாட்டா எஸ்எஸ்டிக்கு (ஹார்ட் டிஸ்க் மாதிரியே சாட்டா இணைப்பில் மாட்டும் வகை) மட்டும் ஓர் எச்சரிக்கை: இந்தக் கட்டளைக்கு முன் டிஸ்க்குக்கு ஒரு தற்காலிக பாஸ்வேர்ட் வைக்கப்படும், நடுவில் கரண்ட் போனால் டிஸ்க் பூட்டியபடி நிற்கலாம். லேப்டாப் பேட்டரியில் நல்ல சார்ஜ் இருக்கட்டும், டெஸ்க்டாப் என்றால் யூபிஎஸ்ஸில் வையுங்கள்.

இந்த மெனு எதுவும் கிடைக்கவில்லை என்றால் விண்டோஸின் ரீசெட் வழியில் போங்கள். "எல்லாவற்றையும் நீக்கு" என்பதோடு, உள்ளே செட்டிங்ஸ் மாற்றும் இடத்தில் டேட்டாவைச் சுத்தம் செய்யும் தேர்வையும் "ஆம்" ஆக்க வேண்டும். அது தானாக ஆன் ஆகி இருக்காது. வீட்டு உபயோகத்துக்கு இது பரவாயில்லை. எல்லாவற்றையும் சாவி போட்டு ரகசிய வடிவில் எழுதும் பிட்லாக்கர் முதலிலிருந்தே போட்டிருந்த டிஸ்க் என்றால் பாதிக் கவலை அப்போதே தீர்ந்தது, சாவி இல்லாதவனுக்கு உள்ளே இருப்பது வெறும் இரைச்சல்தான். விற்கும் முன் உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டிலிருந்து அந்த மெஷினை நீக்கிவிடுங்கள். மேக் வைத்திருப்பவர்கள், மெஷினை உங்கள் அக்கவுண்டோடு பூட்டி வைக்கும் ஃபைண்ட் மை-யை ஆஃப் செய்யாமல் விற்றால் வாங்கியவர் மறுநாளே உங்கள் வீட்டு வாசலில் நிற்பார்.

துடைத்துவிட்டுப் புதிதாகப் போடும்போது சில புது இன்டெல் லேப்டாப்புகளில் "டிஸ்க்கே இல்லை" என்று விண்டோஸ் சொல்லும். டிஸ்க் போய்விட்டது என்று பதற வேண்டாம், டிஸ்க்கை விண்டோஸுக்கு அடையாளம் காட்டும் சின்ன மென்பொருளான ஸ்டோரேஜ் டிரைவரைப் பென் டிரைவில் வைத்துக் காட்டினால் தெரிந்துவிடும். வைஃபை டிரைவரையும் அதே பென் டிரைவில் போட்டுக்கொள்ளுங்கள்.

கோயில், சபை கம்ப்யூட்டர்களுக்கு வருவோம், எனக்கு மிகவும் எரிச்சல் வருவது இங்கேதான். ஒரு சபைச் செயலாளர், வயதில் பெரியவர், பழைய மெஷினைப் பள்ளிப் பிள்ளை ஒருவருக்குக் கொடுக்கக் கொண்டுவந்தார். "எல்லாத்தையும் டிலீட் பண்ணி ரீசைக்கிள் பின்னையும் காலி பண்ணிட்டேன் தம்பி, சும்மா புது விண்டோஸ் மட்டும் போடு" என்றார். அதில் என்னவெல்லாம் இருந்தது ஐயா என்று கேட்டேன். காவடி எடுப்பவர்களின் பெயர், போன் நம்பர், நன்கொடையாளர் பட்டியல், திருமணப் பதிவுக்கு வாங்கிய ஐடி நகல்கள். போப்பியா என்று நாம் சொல்லும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் கம்பெனிகளுக்கு மட்டும் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். கோயிலுக்கும் சபைக்கும் உண்டு. வைத்திருக்க அனுமதி முடிந்த தகவலை அழிக்கும்போது, மறுபடி படிக்கக்கூடிய வடிவில் மீட்க முடியாதபடி அழிக்க வேண்டும் என்று அதன் 14-ஆம் பிரிவே சொல்கிறது. ஒருவரின் மத நம்பிக்கை பற்றிய தகவல் அந்தச் சட்டத்தில் சிறப்புப் பாதுகாப்பு உள்ள வகை வேறு. பெரியவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, மூன்று மணி நேரம் காத்திருக்கிறேன் என்றார்.

கடைசியாக, கெட்டுப்போன டிஸ்க்கும் மாற்றிய டிஸ்க்கும். டிக் டிக் என்று சத்தம் போடும் டிஸ்க்கைத் துடைக்க முடியாது, ஆனால் அதிலிருந்து டேட்டா எடுக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு உள்ளே உள்ள தட்டுகளை ஊடுருவும்படி டிரில் போடுங்கள். லேப்டாப் டிஸ்க்குகளில் பலவற்றின் தட்டு கண்ணாடி, தூள் தூளாகச் சிதறும், எச்சரிக்கை. எஸ்எஸ்டி என்றால் ஒவ்வொரு மெமரி சிப்பையும் உடைக்க வேண்டும், ஓரத்தில் ஒரு ஓட்டை போட்டுப் பயனில்லை. உடைத்ததைக் குப்பைத் தொட்டியில் போடாமல் மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள்.

ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டுக்கொள்ள எந்தக் கடைக்குப் போனாலும், என் கடையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், பழைய டிஸ்க்கைக் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள். மெஷின் வேகமாக ஓடுகிற சந்தோஷத்தில் அதை அங்கேயே விட்டுவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம். கடையிலேயே துடைக்கச் சொன்னால், டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளை முதலில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், அதில் உள்ள சீரியல் எண்ணையும் எந்த முறையில் துடைத்தார்கள் என்பதையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.